மேட்டில் நின்றால் இயங்காத கார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை நான் மந்திரிக்கவில்லை. சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கவில்லை. சுடலைச் சாம்பல் பூசவில்லை. கைத்தொலைபேசியில் யாரோ ஒருவன் "பேய்க் காரை அடக்கிய தீவகத்து மெக்கானிக்" என்று ஒரு வீடியோப் படம் விட்டிருக்கிறான். அதில் காட்டுகிற கார் அந்தக் காரே இல்லை. அந்த வீடும் அந்த வீடு இல்லை. என்னுடைய படம் மட்டும் சரியாக இருக்கிறது, அதுவும் யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்தது.

ஊர்ச் சங்கத்து மலருக்குத் தொழில் அனுபவம் எழுதித் தரும்படி போன வருடமும் கேட்டார்கள். வேறு வேலை இல்லையா என்று ஏசி அனுப்பினேன். இந்த முறை ஒப்புக்கொண்டதற்கு அந்தப் படம்தான் காரணம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் பேய் இல்லை. ஆனால் எனக்கு மயிர் கூச்செறிந்தது உண்மை, அதையும் மறைக்கமாட்டேன்.

நான் டீசல் மெக்கானிக். வேலணைத் தீவில் வீடு. தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ் டிப்போவில். பழகிய கதையில் ஒன்றுமில்லை. கழுவினேன், துடைத்தேன், ஏச்சு வாங்கினேன், ஒரு நாள் கையில் ஸ்பனரைத் தந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்த போர்மனைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பழுது பிடிக்கிற முறை அந்த மனிதனுடையது.

அவர் ஒரு கொடுமைக்காரன். செத்துவிட்டார் என்பதற்காக மாற்றி எழுதமாட்டேன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வருவார், அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டதை யாரும் கண்டதில்லை. எங்களை அறுந்த பெல்ற்றால் அடித்திருக்கிறார். ஓடாத பஸ் ஒன்று வந்தால் முன்மூடியைத் திறக்க விடமாட்டார். சாரதியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்.

"கடைசியாய் ஓடின நாளுக்கும் இண்டைக்கும் இடையிலை என்னத்தை மாத்தினனீ?"

"ஒண்டும் மாத்தேல்லை ஐயா."

எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். போர்மன் பேசாமல் நிற்பார். வெற்றிலையை மென்றபடி அந்த ஆளின் முகத்தையே பார்ப்பார். சாரதி வேர்ப்பான், நெளிவான், கடைசியில் ஏதோ ஒன்றைக் கக்குவான். ஒருவன் திருவிழாப் புழுதி உள்ளே போகக்கூடாது என்று காற்று இழுக்கிற வாய்க்குள் சாக்கை அடைத்து வைத்திருந்தான். "அது மாத்தினது இல்லை ஐயா, பாதுகாப்பு" என்றான். போர்மன் அவனுடைய மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயைப் பொத்தி, "இதுவும் பாதுகாப்புத்தான், ஓடிக் காட்டு" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்ததற்கும் அடி விழுந்தது.

டீசல் இயந்திரத்தில் மர்மம் இல்லை. காற்றை இழுத்து நெரிக்கிறது. நெரித்த காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவ அது எரிகிறது. இயங்காவிட்டால் காற்று வரவில்லை, அல்லது நெரிபடவில்லை, அல்லது டீசல் வரவில்லை. டீசலோடு காற்றுக் குமிழி சேர்ந்து வந்தாலும் டீசல் வராத மாதிரித்தான். இதை விளங்கினவனுக்குப் பேயும் தேவையில்லை, பிசாசும் தேவையில்லை.

அடுத்தது மேடு. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்குப் பற்றரி தடை. இருந்த பற்றரிகள் செத்த பிறகு காரைத் தள்ளித்தான் இயக்கவேண்டும். தள்ளுவதற்கு ஆட்கள் எங்கே? பாதிச் சனம் இடம்பெயர்ந்துவிட்டது. உருட்டிவிடலாம் என்றால் தீவில் மலையா இருக்கிறது? ஒரு கரையில் நின்று பார்த்தால் மறுகரை வரை தட்டை. ஆகவே கார் வைத்திருந்தவர்கள் வளவுக்குள் மேடு கட்டினார்கள். முருகைக் கல்லை அடுக்கி, மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, காரின் நீளத்துக்கு ஒரு சாய்வு. பின்னேரம் வந்ததும் காரைப் பின்பக்கமாக மேட்டில் ஏற்றி, மூக்கு வாசல் படலையைப் பார்க்க நிறுத்தி, முன்சில்லுக்குக் கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்தால் கார் உருளும். கியரைப் போட்டு விட்டால் இயந்திரம் பிடிக்கும். வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த மேடுகள் இன்றும் கிடக்கின்றன. பல வளவுகளில் கார் இல்லை, ஆளும் இல்லை, மேடு மட்டும் பற்றைக்குள் கிடக்கிறது. தெரியாதவன் பார்த்தால் சமாதி என்று நினைப்பான்.

பக்கத்துத் தீவில், மடத்துவெளி என்ற ஊருக்கு உள்ளே அப்படி ஒரு மேடு நடேசு கட்டினது. யப்பான் டீசல் கார் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடியவர். நல்ல மனிதர், காரை என்னிடம்தான் கொண்டுவருவார். போர்க் காலத்தில் ஒரு காலை, டீசல் கிடைக்காததால் காரை மேட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வெளிக்கிட்டார். போனவர் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. வழியில் படைக்காரரின் சோதனைச் சாவடிகள் இருந்தன. எந்தச் சாவடியிலும் அப்படி ஓர் ஆளைக் கண்டதாகச் சொல்லவில்லை.

அவருடைய மனைவி புவனேஸ்வரி. பிள்ளைகள் இல்லை. சில மாதம் அழுதாள். பிறகு அந்தக் காரை எடுத்து ஓட்டப் பழகினாள். தீவில் வாடகைக் கார் ஓட்டிய பொம்பிளை அவள் ஒருத்திதான். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்கள், பாம்பு கடித்தவர்கள், நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் போகிற வெளிநாட்டுக்காரர் எல்லோரையும் ஏற்றினாள். பொட்டும் தாலியும் அப்படியே. ஆள் செத்ததை யாரும் காட்டவில்லை, ஆகவே அவள் அழிக்கவில்லை. கடைகளில் பற்றரி தாராளமாக வந்த பிறகும் காரை அந்த மேட்டில்தான், பின்பக்கமாக ஏற்றி, மூக்குப் படலையைப் பார்க்க விடுவாள்.

நான் வேலையை விட்டு முதுகு வலியோடு வீட்டில் கிடந்தபோது தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, கார் வீட்டிலை ஸ்ராட் வருதில்லை. றோட்டிலை வருது."

"வீட்டிலை வராதது றோட்டிலை எப்பிடியடி தங்கச்சி வரும்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ரெண்டு பேர் வந்து பாத்தவை. மேட்டை விட்டு இறக்கினால் வருது. மேட்டிலை ஏத்தி விட்டால் விடிய வராது. நீங்கள் ஒருக்கால் வாங்கோ."

போனேன். உச்சிப்பொழுது. அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் திறந்திருந்த வீடு அவளுடையதும் திரும்புகிற முடக்கில் இருந்த ஒன்றும்தான். மற்றதெல்லாம் பூட்டு. பூட்டுகள் துருப்பிடித்துக் கதவோடு ஒட்டிப்போயிருந்தன. ஒரு பெரிய கல்வீட்டின் விறாந்தையில் மாடுகள் படுத்திருந்தன. என்னைக் கண்டு எழும்பவில்லை, வீட்டுக்காரர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தன. உப்புக் காற்றில் பனையோலை உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

போர்மனின் கேள்வியைத்தான் கேட்டேன். "என்னத்தை மாத்தினீர்?"

"ஒண்டும் மாத்தேல்லை அண்ணை. எல்லாம் அவர் விட்ட மாதிரி."

அது உண்மைதான் போலத் தெரிந்தது. சாரதி இருக்கையில் அவருடைய தலையணை. அதற்குக் கீழே அவருடைய செருப்பு, குதிக்கால் தேய்ந்தபடி. கண்ணாடியின் கீழே அவருடைய சீப்பு. அவள் அந்தச் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் கார் ஓட்டுவாளாம்.

திறப்பைத் திருப்பினேன். இயந்திரம் சுழன்றது, ஒரு மூச்சுப் பிடித்தது, பிறகு யாரோ மூக்கையும் வாயையும் பொத்தினது போல அடங்கியது. மறுபடி திருப்பினேன். அந்த மூச்சும் இல்லை. முடக்கு வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு மேட்டிலிருந்து உருட்டி ஒழுங்கையில் நிறுத்தினோம். டீசல் வடிகட்டிக்கு மேலே ஒரு கைப்பம்பு இருக்கிறது. அதை அமத்தி டீசலை ஏற்றித் திறப்பைத் திருப்பினேன். உடனே பிடித்தது, பால் மாதிரி ஓடியது. வடிகட்டியை மாற்றினேன், வெடித்திருந்த றப்பர்க் குழாயை மாற்றினேன். காரணம் அதுதான் என்று நினைத்து மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டு வந்து திருப்பினால் கார் பிணம்.

முன்மூடியைத் திறந்து குனிந்து நின்றேன். அவள் குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பேரும் வேம்புக்குக் கீழே. காருக்குள் யாரும் இல்லை. அப்போது கார் ஹோண் அடித்தது.

நீளமாக ஒரு தரம். நின்றது. திரும்பக் கொஞ்சம்.

வேம்புக்குக் கீழே நின்றவர்கள் மதில் பக்கம் ஓடினார்கள். எனக்குத் தலை முன்மூடியில் இடித்தது. குசினிக்குள் இருந்து புவனேஸ்வரி ஈரக் கையோடு வேகமாக வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் படலையை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். ஒரு கார் உள்ளே வருவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அகலம். திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒழுங்கையில் ஒன்றும் இல்லை, வெயில்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் என்னத்துக்கண்ணை படலையைத் திறந்தனான்?"

ஸ்ரியறிங் தண்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹோணுக்குப் போகிற வயரின் உறை உரிந்திருந்தது. வெயிலில் சூடேறி இளகின இடத்தில் இரும்பைத் தொட்டிருக்கிறது. உறை சுற்றினேன், அத்தோடு அது முடிந்தது. அவளுக்கும் காட்டினேன், அந்த இரண்டு பேருக்கும் காட்டினேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஊர் முழுக்க நடேசு ஹோண் அடித்த கதையைச் சொன்னார்கள்.

அடுத்த நாளே போய் முடித்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அன்று இரவே முதுகு பிடித்துவிட்டது, கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் போயிற்று. அந்த இடைவெளிக்குள் நடேசுவின் தம்பி தவம் கனடாவிலிருந்து வந்து இறங்கினான். ஊர்க்கதையைக் கேட்டுவிட்டு அண்ணியை ஏற்றிக்கொண்டு எங்கேயோ குறி சொல்கிற ஒரு சாத்திரியிடம் போயிருக்கிறான். சாத்திரி கண்ணை மூடிச் சொல்லியிருக்கிறான், "ஆள் தன்ரை காணிக்குள்ளைதான். இரும்புக்குக் கீழை கிடக்கிறார். இரும்பு நெடுகச் சொல்லுது, கேக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

இதற்குக் காசும் வாங்கியிருக்கிறான் அந்த நாய்.

நான் நடமாடத் தொடங்கியபோது புவனேஸ்வரி திரும்ப எடுத்தாள். குரல் மாறியிருந்தது.

"அண்ணை, காரைத் திருத்த வேண்டாம். மேட்டிலை இருந்து பக்குவமாய் இறக்கித் தந்தால் காணும். நாளை கழிச்சு மேட்டைத் தோண்டப் போறம்."

அடுத்த நாள் விடிய வெள்ளனவே போனேன். மேட்டின் அடியில் ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செவ்வரத்தம்பூ வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கதிரை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து அந்தக் கதிரையில் இருந்துதான் சாப்பிடுகிறாளாம். என்னைத் திடுக்கிட வைத்தது அதுவல்ல. அவள் நன்றாக இருந்தாள். தலை வாரி, புதுச் சேலை கட்டி, முகத்தில் ஒரு தெளிவு. நடேசு போன பிறகு அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன விசர்க் கூத்து இது?" என்று சத்தம் போட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை" என்றாள், மேட்டைப் பார்த்தபடி. வீட்டில் ஒருவர் நித்திரை கொள்ளும்போது சொல்கிற மாதிரி. எனக்கு மயிர் கூச்செறிந்தது அப்போதுதான்.

தவம் வெளியே வந்தான். அரைக்காற்சட்டை, கையில் தொலைபேசி. மண்வெட்டிக்காரர் நாளைக் காலை வருவார்கள், கிடைப்பதைத் துணியில் கட்டிக் கீரிமலைக்குக் கொண்டுபோய் அந்தியேட்டிக் கிரியை செய்யவேண்டும், பிறகு காணியை விற்று அண்ணியைக் கனடாவுக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று சொன்னான்.

"எலும்பு வந்தால் பொலிசுக்கும் கோட்டுக்கும் சொல்லவேணும், தெரியுமோ உமக்கு?"

"அதைப் பிறகு பாப்பம் அண்ணை."

"எது வந்தாலும் உம்மடை அண்ணன் எண்டு கட்டிக்கொண்டு போவீரோ? இந்த மண்ணிலை எங்கை தோண்டினாலும் ஒரு எலும்பு வரும். மாடு செத்திருக்கும், நாய் செத்திருக்கும்."

"உங்கட வேலை காரை இறக்கிறது. அதைச் செய்யுங்கோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்கு ஒரு மாட்டெலும்பு வரும். அதை வைத்து இவளுடைய பொட்டை அழிப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். ஒரு கார் இயங்கவில்லை என்பதற்காக ஒரு மனிசனைச் சாகடிப்பார்கள். பழுதைக் கண்டுபிடிக்காத குற்றம் என்னுடைய தொழிலின் தலையில் விழும்.

"தங்கச்சி, பொழுதுபடும் வரைக்கும் எனக்கு நேரம் தாரும். பிறகு நானே காரை இறக்கித் தாறன். நீங்கள் கிணறே வெட்டுங்கோ."

அவள் மேட்டைப் பார்த்தாள், பிறகு தலையசைத்தாள்.

ஒரு பிளாஸ்ரிக் கானில் நல்ல டீசல் கொண்டுபோயிருந்தேன். அதைக் காரின் கூரையில் வைத்து, புதுக் குழாய் ஒன்றால் நேரே வடிகட்டிக்குக் கொடுத்தேன். காரின் டீசல் ராங்கியை வழியிலிருந்து விலக்கியாகிவிட்டது. கார் மேட்டிலேயே நின்றது. கைப்பம்பை அமத்தினேன். திறப்பைத் திருப்பினேன். பிடித்தது.

புவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பினாள். மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்து மாதக்கணக்கு. தவம் ஓடிவந்தான்.

"என்னண்டு?"

"இயந்திரத்திலை பிழையில்லை. மேட்டிலையும் பிழையில்லை. ராங்கிக்கும் வடிகட்டிக்கும் இடையிலை காத்து இழுக்குது." அவளிடம் திரும்பினேன். "டீசல் எவ்வளவு விடுறனீர்?"

"கொஞ்சந்தான் அண்ணை. சண்டை முடிஞ்ச பிறகு நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசையிலை நிண்ட காலத்திலை இருந்து அப்பிடித்தான். நிறைய விட்டால் இரவிலை குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போறாங்கள்."

"அதுக்கு முந்தி?"

"எண்ணெய் கிடைச்சால் அவர் நிரப்பித்தான் வைப்பார். நானும் அப்பிடித்தான் வைச்சனான்."

"அப்ப மாத்தியிருக்கிறீர்."

அவள் போய்க் காரின் பின் கதவைத் திறந்துவிட்டாள்.

பின் இருக்கையைக் கழற்றினேன். ராங்கிக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். வெயிலில் பிடித்தபோது தெரிந்தது. கீழ் நுனிக்குச் சற்று மேலே, உப்புக் காற்றும் டீசலோடு வந்த தண்ணீரும் அரித்து, மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அவ்வளவுதான் பேய். கார் தட்டை நிலத்தில் நின்றால் இருக்கிற கொஞ்ச டீசல் அந்த வெடிப்பை மூடி நிற்கும். மேட்டில் மூக்குச் சரிந்து நின்றால் டீசல் எல்லாம் முன்பக்கம் ஓடிவிடும். குழாய் ராங்கியின் பின்பக்கத்தில் இருக்கிறது, வெடிப்பு வெளியே வந்துவிடும், நுனி மட்டும் டீசலுக்குள் கிடக்கும். பிறகு டீசலுக்குப் பதிலாகக் காற்றைத்தான் குடிக்கும். ராங்கி நிரம்பியிருந்த காலத்தில் வெடிப்பு எப்படி நின்றாலும் டீசலுக்குள்ளேயே கிடந்தது, ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளுக்குக் கண்ணால் காட்டவேண்டும் என்று நினைத்தேன். ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். குழாயின் ஒரு நுனியை விரலால் அடைத்துத் தண்ணீருக்குள் அமத்தி மறு நுனியில் ஊதினேன். வெடிப்பிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. அவள் குந்தியிருந்து பார்த்தாள். நான் ஊதுவதை நிறுத்தியதும் குமிழி நின்றது.

"இதுதானோ?"

"இதுதான்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"வேறை ஒண்டும் இல்லை."

வெடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துப் பித்தளையால் ஒட்டினேன். திரும்பவும் தண்ணீரில் அமத்தி ஊதினேன், குமிழி இல்லை. ராங்கிக்குள் திரும்பப் பூட்டினேன். காரை இறக்கி, ஒழுங்கையில் ஒரு ஓட்டம் ஓடி, பின்பக்கமாக மேட்டில் ஏற்றி, அவர்கள் விடுகிற மாதிரியே மூக்குப் படலையைப் பார்க்க நிறுத்தினேன். காற்று இழுக்கும் குழாய் என்றால் நிற்க நிற்க டீசல் வடிந்து இறங்கிவிடும். அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். மூன்று பேரும் காத்திருந்தோம். காற்று விழுந்துவிட்டது. பனையோலைச் சத்தமும் இல்லை. விளக்கின் சுடர் அசையாமல் நின்றது. தவம் தொலைபேசியைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் ஒரு செத்தவீடு நடப்பதைப் போல வெளியே இருந்தோம்.

வெயில் இறங்கியதும் ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

"பாத்தீரோ?" என்று தவத்திடம் கத்தினேன். "கார் கார்தான்."

அவன் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னான். "எண்டாலும் ஒருக்காத் தோண்டிப் பாப்பம் அண்ணை. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"விசரோ உமக்கு? ஆளைக் கொண்டுபோனவையிட்டைக் கேக்கவேண்டிய கேள்வியைக் காரிட்டைக் கேக்கிறியள்!"

"கேக்காமலோ விட்டனாங்கள்?" அவனுடைய முகம் கோணியது. "அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அண்ணி குடுக்காத மனு இல்லை. எல்லா மேசையிலையும் படத்தை வாங்கி வைச்சிட்டுப் போகச் சொன்னவங்கள். அம்மா இப்ப கனடாவிலை படுக்கையிலை. கண் மூட முதல் கிரியை செய்துபோட்டு வா எண்டு அனுப்பினவ. நான் என்னத்தைக் கொண்டுபோறது?"

என்னுடைய கோபம் அப்படியே நின்றது, ஆனால் அவன்மேல் இல்லை. தேடித் தரவேண்டியவர்கள் தேடித் தரவில்லை. அதனால்தான் சனம் சாத்திரியிடம் போகிறது, காரிடம் கேட்கிறது. இதைப் பேய்க்கதை என்று படம் எடுத்து விடுகிறவனுக்கு இது விளங்குமா?

இயந்திரத்தை நிறுத்தினேன். புவனேஸ்வரி மேட்டருகே வந்து நின்று, தவத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தோண்ட வேண்டாம் தம்பி."

"அண்ணி, ஒருக்கா..."

"தோண்டினால் ஒண்டில் அவர் இருப்பார், இல்லாட்டி இருக்கமாட்டார். ரெண்டையும் என்னாலை பாக்க ஏலாது. மாமியிட்டை நான் போனிலை கதைக்கிறன். அந்த ஆக்களை வர வேண்டாம் எண்டு சொல்லும்."

அவள் அவனிடம் அப்படி உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. தவம் தொலைபேசியைக் காதில் வைத்தபடி வீட்டுக்குள் போனான். மண்வெட்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்வது கேட்டது.

எனக்கு நிம்மதி. ஸ்பனர்களைத் துடைத்துச் சாக்கில் சுற்றத் தொடங்கினேன்.

"அண்ணை, ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ" என்றாள்.

ஏறி இருந்து திருப்பினேன். பிடித்தது. நிறுத்தினேன்.

"இன்னொருக்கா."

திருத்திய வேலையைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எத்தனையோ பேர் கேட்பதுதான். திருப்பினேன். பிடித்தது.

"கொஞ்சம் விட்டுட்டு இன்னொருக்கா."

அவள் முன்மூடியின் மேல் கையை வைத்திருந்தாள். நான் திறப்பைத் தொடும்போது கண்ணை மூடினாள். இயந்திரம் பிடித்ததும் அவளுடைய தோள் இரண்டும் விழுந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாள் முழுக்க நான் சாரதி இருக்கையில் இருந்து திறப்பைத் திருப்பும்போது வெளியே நின்றவர்கள் எல்லோரும் கார் இயங்கவேண்டும் என்றுதான் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இவள் வேறு ஒன்றைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, குழாய் ஒட்டியாச்சு. இனி அது நிக்காது."

"ஓம் அண்ணை, கண்டனான்." கையை எடுக்கவில்லை. "அப்ப அவர் எங்கை?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் விளக்கைப் பார்த்தாள். படலையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

"இன்னொருக்கா அண்ணை."

திருப்பினேன். உடனே பிடித்தது.